அளவு பார்க்காத வளையல்

வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? இங்கே நாலு நாளாகக் காற்று சில்லென்று அடிக்கிறது. முட்டிவலிக்காரர்கள் காலில் ஒரு பழந்துணியைச் சுற்றிக்கொண்டு உட்காருங்கள். நானும் அப்படித்தான் உட்கார்ந்து, ஒரே விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் அரை நாள் வேலைக்குப் போகிற பெண்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாள் நினைப்பு. கல்யாணத்துக்கு முன்னால் நானும் தங்கச் சுரங்கத்துப் பக்கம், ராபர்ட்சன்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில் மத்தியானத்துக்கு மேல் நின்றவள்தான். ஆனால் இது என் கதை இல்லை. என் மாமியாருக்கு அத்தை ஒருவர் இருந்தார். மரியகுழந்தை என்று பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்து வாக்கில் அதே பேட்டையில் ஒரு துணிக்கடையில் துணி மடிக்கிற வேலை அவருக்கு. பக்கத்துக் கடையில் வளையல் போட்டுவிட்ட பாப்பம்மாவைப் பற்றி அவர் சொன்னது என் மாமியார் காதுக்கு வந்து, அப்புறம் என் காதுக்கு வந்தது. நடுவில் ஓட்டை விழுந்த இடங்களை நானே அடைத்திருக்கிறேன். அதனால் கதையாகவே படியுங்கள்.

அப்போது ராபர்ட்சன்பேட்டை புதிதாகக் கோடு போட்டுக் கட்டிய ஊர். சுவரில் சுண்ணாம்பு வாசம் போகாத காலம். வளையல் கடைக்காரர் ராஜப்பா தெலுங்குக்காரர், தலைமுறை தலைமுறையாக வளையல் போடுகிற குடும்பம். பெங்களூரிலிருந்து வைக்கோல் அடைத்த பெட்டியில் சரக்கு மாரிகுப்பம் ரயிலில் வந்து இறங்கும். தெருவைப் பார்த்து ஒரு மரப்பலகை, அதன் மேல் சிவப்புத் துணி, பின்னால் கயிறு கயிறாகத் தொங்கும் கண்ணாடி வளையல். இவ்வளவுதான் கடை.

பாப்பம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. சுரங்கக் கம்பெனி கட்டிய வரிசை வீடுகளில், மாரிகுப்பம் லைனில் வீடு. புருஷன் வேலு சுரங்கத்தில் பாறையில் துளை போடுகிறவன். மாமியார் தாயம்மா, குடியாத்தம் பக்கத்திலிருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு புருஷனோடு வந்தவள். அந்தப் புருஷன் போய்ப் பத்து வருஷம் ஆகிவிட்டது. வேலு ஒரே பிள்ளை. பாப்பம்மாவுக்குத் தாய்வீடு என்று எதுவும் இல்லை. பிளேக்கில் எல்லாரும் போய்விட்டார்கள்.

அவளுக்கு அந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. ஒரு நாள் வளையல் போட்டுக்கொள்ளத்தான் போனாள். ராஜப்பாவுக்கு அப்போதே விரல் முட்டிகள் வீங்கிக் கோணிப்போயிருந்தன. அவள் கையில் ஏற்றும்போதே மூன்று வளையல் நொறுங்கிப் போய்விட்டது. கட்டைவிரல் முட்டியைத் தாண்டும் வரைக்கும் போனால் கடைக்காரர் பாடு, தாண்டிவிட்டால் வாங்குகிறவள் பாடு. அந்தத் தொழிலுக்கு அதுதான் சட்டம். கிழவர் முகம் தொங்கிப்போனதைப் பார்த்து, குடுங்க நைனா என்று வாங்கி மிச்சத்தைத் தானே போட்டுக்கொண்டாள். ஒன்றுகூடப் போகவில்லை. ராஜப்பா அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அந்த வாரத்திலிருந்து வெள்ளி, சனி, ஞாயிறு, மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் அவளுக்குப் பலகையில் இடம்.

ராஜப்பா அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது ரொம்பக் கொஞ்சம். வளையல் போனால் உடைந்தது என்று சொல்லாதே, பெருகிச்சு என்று சொல். டஜன் போட்டு முடித்ததும் கூட ஒரு வளையல் கொசுறாகப் போடு. அந்த ஒன்றுக்கு விலை கிடையாது, அது வாழ்த்துக்கு. தாலியோட தீர்க்காயுசா இரும்மா என்று சொல்லிக்கொண்டே அதை ஏற்ற வேண்டும். போட்டுக்கொண்டவள் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போட்டுவிட்டவளைக் கும்பிட்டுவிட்டுப் போவாள். இன்னொரு விஷயத்தை அவர் சொல்லவே இல்லை, சொல்லத் தேவையும் இல்லை. வளையல் போடுகிறவள் கையில் வளையல் இருக்க வேண்டும், நெற்றியில் குங்குமம் இருக்க வேண்டும். அது இல்லாதவள் அந்தப் பலகையில் உட்கார முடியாது.

மற்றதையெல்லாம் அவள் உட்கார்ந்து பார்த்தே கற்றுக்கொண்டாள். கடையில் நின்றவர்களுக்குத் தெரியும், வாங்க வருகிறவர்கள் தங்களைப் பற்றி எவ்வளவு சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று. எல்லாக் கயிற்றையும் இறக்கச் சொல்லிவிட்டு, வீட்டில் கேட்டுக்கொண்டு வருகிறேன் என்று கிளம்புகிறவள் வர மாட்டாள். தன் கையைவிடச் சின்ன அளவு கேட்டு அடம்பிடிக்கிறவளுக்குக் கையில் சதை போட்டுவிட்டதே என்ற கவலை. முழங்கை வரைக்கும் நெருக்கமாகப் போடு என்று கேட்டால் அங்கே மறைக்க ஏதோ கன்றிய தடம் இருக்கும். பாப்பம்மா அதைக் கேட்க மாட்டாள், அந்த இடத்தில் மட்டும் மெதுவாக ஏற்றுவாள். சுரங்கத்துச் சங்கு வேளை தப்பி ஊதி, உள்ளே யாராவது செத்த வாரத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடையில் நல்ல கூட்டம். புருஷன் உயிரோடு வீடு வந்த பெண்கள் எல்லாரும் வந்து புதுசு போட்டுக்கொள்வார்கள். அதற்காக ராஜப்பா முந்தின நாளே பச்சையும் சிவப்பும் எடுத்துத் துடைத்து வைப்பாராம். முதல் தடவை பார்த்தபோது பாப்பம்மா அந்த வளையலைத் தொடவே தயங்கினாள். அப்புறம் பழகிவிட்டது.

பழகாதது ஒன்றுதான். எப்போதாவது ஒரு கிழவியோ ஆணோ தனியாக வந்து, படியிலேயே நின்று, ஒரு டஜன் கொடு, அளவு பார்க்க வேண்டாம் என்பார்கள். வேறு யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். புருஷனை இழந்தவளுக்குக் கடைசியாக ஒரு தரம் பூ வைத்து, வளையல் போட்டு உட்கார வைத்து, பிறகு கல்லில் தட்டி எல்லாவற்றையும் உடைப்பார்களே, அதற்கான வளையல் அது. ஒரு மணி நேரம்கூடக் கையில் நிற்காத வளையலுக்கு அளவு எதற்கு? அவர்களுக்குக் கொசுறு கிடையாது, போய்விட்டு வாங்க என்று சொல்வதும் கிடையாது. ராஜப்பா மேலே தொங்குகிற கயிற்றிலிருந்து கைக்கு வந்ததைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார்.

கைகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். வளையல் ஏறுவது போடுகிறவள் கையில் இல்லை, நீட்டுகிறவள் கையில் இருக்கிறது. வாழைப்பூவைக் குவிக்கிற மாதிரி கையைக் குவித்துப் பிடிக்கும்போது அந்தக் கை இளக வேண்டும். பேச்சுக் கொடுத்தால் இளகும். மனசுக்குள் எதையாவது பிடித்து வைத்துக்கொண்டு வருகிறவள் கை மட்டும் இளகாது. முகம் சிரிக்கும், கை கட்டையாக இருக்கும்.

பொங்கல் முடிந்த மறு சனிக்கிழமை, மத்தியானம். பாப்பம்மா ஒருத்தியின் கையைப் பிடித்து வளையலைப் பாதி ஏற்றியிருந்தபோது சங்கு ஊதியது. ஷிஃப்ட் மாறுகிற வேளை இல்லை. கடையிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் எழுந்து ஓடினார்கள். பாதி ஏறிய வளையல் முட்டியில் நிற்க அந்தப் பெண்ணும் ஓடினாள், பாப்பம்மாவும் ஓடினாள்.

கீழே ஒரு லெவலில் பாறை வெடித்து விழுந்திருந்தது. ஆளை ஏற்றி இறக்குகிற கேஜில் மூன்று உடல்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். உயிரோடு வந்தவன் துரை ஒருவன்தான், வேலுவோடு ஜோடியாகத் துளை போடுகிறவன். தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் தூசியோடு வந்தான். வேலு வரவில்லை. இரண்டாம் தரம் பாறை விழுந்து அந்தப் பக்கமே அடைந்துபோய்விட்டது, இனி ஆள் இறக்கினால் இறங்குகிறவனும் போவான் என்று சொல்லி, அந்த வழியைச் சுவர் வைத்து மூடிவிட்டார்கள். வேலுவைப் பார்த்தாயா என்று துரையைக் கேட்டதற்கு, தூசியில் ஒன்றும் தெரியவில்லை என்றான்.

மூன்று வீட்டில் ஒப்பாரி. நாலாவது வீட்டில் தாயம்மா வாசலில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். வளையல் உடைக்கிற சாங்கியம் செய்ய வேண்டுமே என்று பெரியவர்கள் வந்தபோது அவள் எழுந்திருக்கவில்லை.

"எம்புள்ள ஒடம்ப என் கண்ணால காட்டு, அப்பால அழறேன். ஒடம்பு இல்லாம எவன் எம் மருமவ கையத் தொடறான்னு பாக்கறேன்."

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். தாலியும் இருந்தது, வளையலும் இருந்தது, புருஷன் மட்டும் இல்லை. பழைய சுரங்க வழியாக ஊர்ந்து வெளியே வந்தவன் ஒருவன் நினைவு தப்பித் திரிந்து ஆறு மாதம் கழித்து வந்தானாம் என்று யாரோ ஒரு கதையைச் சொல்லி வைத்தார்கள். பாப்பம்மா அதை நம்பவும் இல்லை, விடவும் இல்லை. அழ வந்தால் தாயம்மா அதட்டுவாள். வராதவனுக்கு அழுதால் அவனுக்கு ஆகாது என்பாள்.

லைன் வீடு வேலை செய்கிறவனுக்குத்தான். இரண்டு மாதத்தில் காலி செய்யச் சொன்னார்கள். பேட்டையின் கடைசியில் ஒரு தட்டி வீட்டுக்கு இரண்டு பேரும் வந்தார்கள். தாயம்மாவுக்குச் சுரங்கத்து மேட்டில் கல் பொறுக்க இடுப்பு வளையாது. ராஜப்பா கொடுக்கிற கூலியில்தான் அடுப்பு எரிந்தது. சம்பள வாரத்தில் கூட இரண்டு நாள் வரச் சொன்னார், நல்ல மனுஷன்.

இப்போது புரிகிறதா, அவள் எங்கே மாட்டிக்கொண்டாள் என்று? புருஷன் செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டு ஒரு வாய் அழுதால் வளையல் போகும். வளையல் போனால் பலகை போகும், பலகை போனால் சோறு போகும். அதனால் அழாமல் உட்கார்ந்து, வருகிறவளுக்கெல்லாம் தாலியோடு இரு என்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வாங்க வந்தவர்களும் மாறினார்கள். முகத்துக்கு நேரே யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராஜப்பா பக்கம் கூட்டம் நிற்கும், இவள் பக்கம் பலகை காலியாக இருக்கும். கிழவரின் கோணல் விரலில் நாலு வளையல் போனாலும் பரவாயில்லை என்று காத்திருப்பார்கள். ஒரு நாள் இதைப் பார்த்துப் பொறுக்காமல் மரியகுழந்தை துணிக்கடையிலிருந்து இறங்கி வந்து, கையை அவள் மடியில் போட்டாராம்.

"போடுடி. எங்க சர்ச்சு சாமியாருக்கு இதெல்லாம் தெரியாது, தெரிஞ்சாலும் அவருக்கா வளையல் போடப் போறே?"

பலகையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பாப்பம்மாவும் சிரித்தாள். ஆனால் மரியகுழந்தை கடைசி வரைக்கும் ஒன்றை ஒத்துக்கொள்வார்: கொசுறை அவள் ஏற்றும்போது நானும் மனசுக்குள்ளே ஒரு ஜெபம் சொல்லிக்கொண்டேன் என்று.

வீட்டில் தாயம்மா தினமும் காலையில் குங்குமச் சிமிழைத் திறந்து மருமகள் முன்னால் வைப்பாள். தான் தொட மாட்டாள், மூடியால் நகர்த்துவாள். கிழவிக்குப் பல்வலி வந்துவிட்டது. தன் பங்குக் களியை மட்டும் உப்புப் போடாமல் எடுத்து வைத்துக்கொள்வாள், உப்புப் பட்டால் பல் கூசுகிறது என்று. சங்கு ஊதிய பதினாறாம் நாள், பேத்தமங்களாவில் தூரத்து உறவு ஒருத்திக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி, அவ்வளவு தூரம் நடந்து போய், சாயங்காலம் ஈரத் தலையோடு திரும்பி வந்தாள். ஏரியில் குளித்தேன் என்றாள். தை மாதக் குளிரில் இந்தக் கிழவிக்கு ஏன் ஏரிக்குளியல் என்று பாப்பம்மா கொஞ்சம் திட்டினாள். அதோடு அது மறந்துபோனது.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை துரையின் பெண்டாட்டி கங்கம்மா வந்தாள். ஏழு மாதம், தலைச்சன். வளைகாப்புக்கு முன்னால் கடைக்கு வந்து முதல் டஜனைப் போட்டுக்கொண்டு போவது அங்கே வழக்கம். துரையும் கூட வந்தான். ஆனால் கடைப் படி ஏறவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், புதிதாக வந்த பேத்தமங்களா தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றுகொண்டான். ராஜப்பா அந்த நேரம் சாப்பாட்டில் இருந்தார். கங்கம்மாவுக்குக் காத்திருக்க முடியாது, நிற்க முடியவில்லை. பலகையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

பாப்பம்மா பிடித்துக் குவித்தாள். கட்டை. இன்னொரு தரம் நீவினாள். இன்னும் கட்டை. பேச்சுக் கொடுத்தாள், பிள்ளை உதைக்கிறதா, புளிப்புக் கேட்கிறதா என்று. கங்கம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள், சிரிக்கக்கூடச் சிரித்தாள். கை இறுகிக்கொண்டே போனது. முதல் வளையல் முட்டியில் போய்விட்டது. இரண்டாவதும் போய்விட்டது. பாப்பம்மா வேலைக்குச் சேர்ந்து அதுவரைக்கும் அவள் கையில் ஒன்றுகூடப் போனதில்லை. மூன்றாவதை எடுத்தவள் அதை ஏற்றவில்லை. அந்தக் கையைத் தன் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு குனிந்து கேட்டாள்.

"உங்கூட்டுக்காரரு அன்னிக்கு எங்கூட்டுக்காரரப் பாத்தாரு. இல்ல?"

கங்கம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் பலகையில் கிடந்த வளையல்களின் மேல் விழுந்தது. உங்க அத்தையக் கேளுக்கா என்றாள். பாப்பம்மா தெருவைப் பார்த்தாள். குழாயடியில் துரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ராஜப்பா வந்ததும் கங்கம்மாவின் கையை அவரிடம் கொடுத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிப் பலகையைவிட்டு இறங்கினாள்.

வீட்டில் தாயம்மா களி கிண்டிக்கொண்டிருந்தாள். பொழுது இன்னும் சாயவில்லை.

"அத்தே, துரை உன்னாண்ட இன்னா சொன்னான்?"

துடுப்பு நின்றது. யார் சொன்னது என்று தாயம்மா கேட்டாள். யாரும் சொல்லவில்லை, கங்கம்மா கை சொன்னது என்றாள் மருமகள். தாயம்மா பானையை இறக்கி வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நெஞ்சு வரிக்கும் கல்லு. மொகத்துல ஒரு கீறல் இல்லியாம். தொரதான் கண்ண மூடி உட்டுட்டு வந்துகிறான். கேஜ உட்டு எறங்கனதும் நேரா எங்கிட்டதான் வந்தான். நாந்தான் அவன் கையப் புடிச்சிக்கினு, யாராண்டயும் சொல்லாதடான்னேன். பொண்டாட்டிகிட்டகூட சொல்லாதன்னேன். அவன் எங்க வாய மூடிக்கினு இருந்தான்."

"அன்னிக்கே தெரியுமா ஒனக்கு?"

"எனக்கு வளையல ஒடச்சாங்க பாரு, மறுநாளு ஒருத்தியும் எங்கூட்டு அடுப்புல இன்னா கீதுன்னு பாக்கல. நீ இன்னும் கொஞ்ச நாளு அந்தப் பலகையில குந்திக்கினு இருக்கணும்னு நெனச்சேன். எம்புள்ளயத்தான் வெச்சிக்க முடியல."

பாப்பம்மாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. உப்பில்லாத களி, பதினாறாம் நாள், ஈரத் தலை. பெற்றவள் நீ ஒரு பொட்டுக் கண்ணீர்கூட விடவில்லையே என்று கேட்டாள்.

"ஏரியில கழுத்து வரிக்கும் நின்னு அழுதேன். தண்ணியில நின்னு அழுதா யாருக்குத் தெரியும்."

இறக்கி வைத்த பானையில் களி இறுகிப்போனது. கடைசியில் மருமகள்தான், பெரியவர்களை வரச் சொல் என்றாள். வேல பூடும்மா என்றாள் தாயம்மா. அதை அவள் இரண்டு தரம் சொன்னாள்.

"பூடட்டும் அத்தே. அவருக்கு நான் அழணும்."

புதன்கிழமை சாங்கியம் என்று வைத்தார்கள். கடைசி வளையலைத் தாய்வீட்டார் வாங்கி வருவதுதான் முறை. தாய்வீடு இல்லாததால் தாயம்மாவே போனாள். அதுவரைக்கும் அந்தக் கடைப் படியை அவள் மிதித்ததில்லை. போட்டுக்கொள்ளப் போகிறவள் கூடப் போகக் கூடாது. ஆனாலும் பாப்பம்மா பின்னாலேயே போய்த் தெருவில் நின்றாள். துணிக்கடை வாசலில் மடித்த சேலையோடு நின்று மரியகுழந்தை பார்த்துக்கொண்டிருந்தார்.

தாயம்மா படியில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு, "ஒரு டஜன் குடு சாமி. அளவு பாக்க வேணாம்" என்றாள்.

ராஜப்பாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பின்னால் தெருவில் நிற்பவளையும் பார்த்துவிட்டார். மேலே தொங்கிய கயிற்றைத் தொட்டார், அவிழ்க்க வரவில்லை. அப்போது பாப்பம்மா படியேறி வந்தாள்.

"அது பெருசு நைனா. என் அளவு ரெண்டே கால்."

பழகின இடம்தானே. பச்சை தொங்குகிற மூலையிலிருந்து தன் அளவைத் தானே எடுத்தாள். அந்தப் பச்சை வேலுவுக்குப் பிடிக்கும் என்று ஒரு தரம் மரியகுழந்தையிடம் சொல்லியிருக்கிறாள். பலகையில் உட்கார்ந்தாள். இடது கையில் ஆறு, வலது கையில் ஆறு. தன் கையைத் தானே குவித்து, நீவி, ஒவ்வொன்றாக ஏற்றினாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒன்றுகூடப் பெருகவில்லை. முடித்துவிட்டு எழுந்திருக்கப் போனபோது ராஜப்பா கயிற்றிலிருந்து இன்னொன்றைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இந்த மாதிரி வளையலுக்குக் கொசுறு கிடையாது என்பது அவருக்குத் தெரியாதா? அவர்தானே சொல்லிக்கொடுத்தவர். அந்தக் கோணல் விரலாலேயே அவள் கையைப் பிடித்து அதை ஏற்றினார். அது போகாமல் ஏறியது. அதோடு சொல்கிற வாழ்த்தை அவர் சொல்லவில்லை. தல்லி என்று மட்டும் கூப்பிட்டார், தெலுங்கில் அம்மா என்று அர்த்தம்.

சாயங்காலம் கல்லில் தட்டினார்கள். பதின்மூன்றும் போனது. கடையில் இத்தனை நாள் வாயில் வராத வார்த்தையை அன்றைக்கு எல்லாரும் தாராளமாகச் சொன்னார்கள், ஒடச்சாச்சு, ஒடச்சாச்சு என்று. பாப்பம்மா அழுதாள். தாயம்மா அதைவிட அழுதாள். ஐந்து மாதத்து அழுகை, ஊர் முழுக்கக் கேட்டது.

அதோடு வேலை போயிற்று. யாரும் போ என்று சொல்லவில்லை, அவளும் போகவில்லை. இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்தாள். மரியகுழந்தை வாரத்துக்கு ஒரு தரம் போய் ஏதாவது கொடுத்துவிட்டு வருவார். புரட்டாசியில் ராஜப்பாவே அந்தத் தட்டி வீட்டைத் தேடி வந்தார். பெங்களூர்ப் பெட்டியில் பாதி விரிசல் விட்ட சரக்காக வருகிறது, என் காதுக்கு ஓசை பிடிபடவில்லை, நல்லதையும் விரிசலையும் பிரித்துக் கொடுக்க ஆள் வேண்டும் என்றார். பலகைக்குப் பின்னால் ஒரு திரை கட்டியிருந்தார். திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு வளையலையும் நகத்தால் சுண்டி, ஓசை கேட்டு, கயிற்றில் கோக்க வேண்டும். அதே மூன்று நாள், அதே அரை நாள். வருகிறவர்களுக்கு அவள் இருப்பது தெரியக் கூடாது. பின்வாசல் வழியாகப் போய் வந்தாள்.

இது மரியகுழந்தைக்குப் பொறுக்கவே இல்லை. பேட்டையில் இருக்கிற அத்தனை கையிலும் அவள் தொட்ட வளையல்தான் ஆடுகிறது, யார் தாலி அறுந்தது என்று கேட்பாராம். கேட்டு என்ன செய்வது. திரை அங்கேயேதான் இருந்தது.

மார்கழியில் கங்கம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பையன். குழந்தையைத் துரையிடம் கொடுத்தாள். இந்தத் தரம் அவன் படியேறி உள்ளே வந்திருந்தான், ஆனால் நிமிர்ந்து பார்க்கவில்லை. ராஜப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு கையை நீட்டச் சொன்னார். கங்கம்மா அவரிடம் நீட்டவில்லை. எழுந்து போய், திரை இரண்டும் சேர்கிற இடத்தில் கையை உள்ளே விட்டாள்.

திரைக்குப் பின்னால் பாப்பம்மாவின் மடியில் வளையல் குவியல். முகத்துக்கு நேரே ஒரு கை மட்டும் வந்து நிற்கிறது. யார் கை என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. முதலில் அதைத் தொடவில்லை. மெதுவாக வெளியே தள்ளிவிட்டாள். கை திரும்ப வந்தது. பிடித்துக் குவித்துப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இளகியிருந்தது.

ஆறு போட்டாள். மற்றக் கையையும் வாங்கி ஆறு போட்டாள். கொசுறை எடுத்தவள் தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். அதை ராஜப்பாவிடம் கொடுக்கலாம் என்று திரைப் பக்கம் நீட்டினாள். வாங்க யாரும் வரவில்லை. கங்கம்மாவின் கையும் போகவில்லை. வெளியே யாரோ, இன்னாம்மா அங்க, பூனையா வெச்சிகிறாங்க என்று கேட்டு நாலு பேர் சிரித்தார்கள். பாப்பம்மா அந்த ஒன்றையும் ஏற்றினாள். வாழ்த்து வாய்க்குள் வந்து நின்றது. சொல்லவில்லை.

வெளியே கங்கம்மா இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரையைப் பார்த்துக் கும்பிட்டாள். பலகையில் இருந்தவர்கள் இவள் என்ன துணியைக் கும்பிடுகிறாள் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். உள்ளே நகத்தால் வளையலைச் சுண்டுகிற ஓசை கொஞ்ச நேரம் கேட்கவில்லை. அப்புறம் திரும்பக் கேட்டது.

அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. பாப்பம்மா எத்தனை வருஷம் அந்தத் திரைக்குப் பின்னால் இருந்தாள் என்று கேட்டால், தாயம்மா இருந்த வரைக்கும் என்பாராம் மரியகுழந்தை. அதற்கு மேல் அவர் சொன்னதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது கடையில் அரை நாள், கால் நாள் என்று நின்றிருப்பார்கள். நீங்களே நின்றிருக்கலாம். பலகைக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததை, யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பதை, எனக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். எழுத்துப் பிழை பார்க்க மாட்டேன். கண்ணாடியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.